தாளில் மூடிய தலை

நில்லுங்கள். அவசர வேலையாகப் போகிறவர்களும் சற்றே நில்லுங்கள். இங்கே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவர் தலையைப் பாருங்கள். பிறகு அவர் கையிலிருக்கும் கடிதத்தைப் படியுங்கள். இரண்டையும் செய்த பிறகும் உங்கள் வழியே போக மனம் ஒப்பினால், தாராளமாகப் போங்கள்.

இது ஒரு பெரிய மருத்துவமனையின் பணம் கட்டும் கூடம். கண்ணாடித் தடுப்புகளுக்குப் பின்னால் எழுத்தர்கள். முன்னால் ஒன்றோடொன்று பிணைத்த இரும்பு நாற்காலிகள். ஓரத்து நாற்காலியில் இருப்பவர் பெயிண்டர். உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கியபடி வண்ணம் பூசிப் பிழைத்தவர். உட்கார்ந்திருக்கும்போதும் மிதிவண்டிப் பந்தயக்காரர்கள் அணியும் கடினத் தொப்பியைக் கழற்றாமல் இருக்கிறார். மனைவி மெல்ல அதன் வாரை அவிழ்க்கிறாள். இடது காதுக்கு மேலே, ஈர மண்ணில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்தியதுபோல் தலை குழிந்திருக்கிறது. அந்தக் குழியில் எலும்பு இல்லை. தோல் இருக்கிறது, தோலுக்குக் கீழே மூளை இருக்கிறது. உற்றுப் பார்த்தால் அது துடிப்பது தெரியும்.

இனி, காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய கடிதம்: "எங்கள் பதிவுகளின்படி, தங்கள் மண்டையோட்டு எலும்பு முதல் அறுவையின்போதே திரும்பப் பொருத்தப்பட்டுவிட்டது. ஆகவே அதைப் பொருத்தும் இரண்டாம் அறுவைக்கு அனுமதி வழங்க இயலாது."

கண் ஒன்றைச் சொல்கிறது. காகிதம் வேறொன்றைச் சொல்கிறது. இந்த நாகரிக உலகம் கண்ணை நம்பவில்லை. காகிதத்தையே நம்பியது. அந்தக் காகிதம் எப்படிப் பிறந்தது, அதற்கு யார் யார் தாயும் தந்தையும் ஆனார்கள் என்பதைச் சொல்லவே உங்களை நிறுத்தினேன்.

கயிறு அறுந்து பெயிண்டர் விழுந்த நாளில், அவரை இங்கே கொண்டு வந்தார்கள். மண்டையோடு உடைந்து உள்ளே அமிழ்ந்திருந்தது. மருத்துவர் திறந்தார், அமிழ்ந்த எலும்பைத் தூக்கினார், உறைந்த குருதியை அகற்றினார். எலும்பைத் திரும்ப வைக்கப்போன நேரத்தில் மூளை வீங்கத் தொடங்கியது. வீங்கும் மூளையை மூடினால் ஆள் பிழைக்கமாட்டான். எனவே எலும்பை வெளியே வைத்துவிட்டுத் தோலை மட்டும் தைத்தார். சரியான முடிவு, உயிரைக் காத்த முடிவு. வாசலில் நின்ற மனைவியிடம் அவரே வந்து சொன்னார்:

"மூளை வீங்கியிருக்கும்மா. அதுக்குக் கொஞ்சம் இடம் வேணும். எலும்ப எடுத்து பத்திரமா குளிர்பெட்டியில வச்சிருக்கோம். மூணு மாசம் போகட்டும், திருப்பி வச்சிடலாம். பயப்படாதீங்க."

அவளும் பயப்படாமல்தான் இருந்தாள். அந்த மாதங்களை அந்த வீடு எப்படிக் கழித்தது என்று கேட்கவேண்டியவர்கள் எவரும் கேட்கவில்லை. தெருவில் பிள்ளைகள் பந்தை எடுத்தால் அவள் சன்னலைச் சாத்துவாள். மகளுக்கு வயது நான்கு. அப்பாவின் தோளில் ஏறக்கூடாது என்ற சட்டம் அவளுக்கு விளங்கவில்லை, ஆனாலும் கீழ்ப்படிந்தாள். குளியலறைக்கும் தொப்பியோடுதான் போக வேண்டும். முடிதிருத்துபவர் கத்தரிக்கோலை எடுத்துவிட்டு, "எனக்குக் கை நடுங்குது, வேற ஆளப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். படுத்தால் குழி மேலெழும்; எழுந்து நின்றால் உள்ளே இறங்கும், கூடவே தலைவலியும் வந்துவிடும். ஒருமுறை தவறி ஒரு கதவு மோதினால் போதும். இந்த நிலையில் வேலைக்குப் போவதைப்பற்றிப் பேச்சே இல்லை. எல்லாம் எலும்பு திரும்ப வரும் நாள்வரைதானே என்று அந்தக் குடும்பம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அந்த நாள் வந்தது. எலும்புக்குப் பதிலாகக் கடிதம் வந்தது.

கூடத்து எழுத்தருக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை. மாடிக்குத் தொலைபேசியில் பேசினார். சற்று நேரத்தில் ஒரு பெண் இறங்கி வந்தாள். அறுவைக் குறிப்புகளைப் படித்து, செய்த சிகிச்சைக்கு உரிய குறியீட்டு எண்ணை இட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவது அவள் தொழில். மருத்துவர்களிடம் ஓயாமல் விளக்கம் கேட்பதால் அலுவலகத்தில் அவளுக்குக் கேள்வியம்மா என்று பெயர்.

"நீங்கதான் அந்த நம்பர் போட்டவங்களா?" என்றாள் மனைவி.

"நான்தாம்மா."

"அப்ப நீங்களே பாருங்க. மூடியாச்சுன்னு எழுதியிருக்கு. மூடின தலை இப்படியா இருக்கும்?"

"அவங்கள ஏன் அதட்டுற," என்றார் பெயிண்டர். "மேடம், கல்யாணத்தன்னைக்கே எங்க மாமனார் சொல்லிட்டாரு, மாப்பிள்ளைக்கு மண்டையில ஒண்ணும் இல்லன்னு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியே இருக்குதுன்னு எழுதிக் குடுத்திருக்கு. இத ஃபிரேம் போட்டு அவருக்கு அனுப்பலாம்னு இருக்கேன்."

"வாய்க்கு மட்டும் ஒரு அடியும் படல," என்றாள் மனைவி. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கேள்வியம்மா சிரிக்கவில்லை. குழியைப் பார்த்ததுமே அந்தக் கோப்பு அவளுக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

இங்கே அந்தத் தொழிலைப்பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அமிழ்ந்த எலும்பைத் தூக்கி நிமிர்த்தி அதே இடத்தில் பொருத்தினால் அதற்கு ஓர் எண். வீங்கிய மூளைக்கு இடம் விட்டு எலும்பை வெளியே வைத்தால் வேறோர் எண். அந்த இரண்டாவது எண் பதிவில் இருந்தால்தான், எலும்பைத் திரும்ப வைக்கும் அறுவைக்குக் காப்பீடு கதவைத் திறக்கும். எண்ணை இடுபவர் நோயாளியைப் பார்ப்பதில்லை; பார்க்கவும் கூடாது. மருத்துவர் கையெழுத்திட்ட குறிப்பில் என்ன இருக்கிறதோ, அதுவே நடந்தது. அதில் இல்லாதது நடக்கவே இல்லை. அந்த அறையின் அரசியல் சட்டமே இதுதான்.

மருத்துவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கத்தியை எடுக்கும் முன்பே, கணினியில் சேமித்து வைத்திருந்த மாதிரிப் பத்தியைக் குறிப்பில் இறக்கிவிடுவார். திறந்தது, தூக்கியது, "தகடும் திருகும் கொண்டு எலும்பு பொருத்தப்பட்டது" என்று முடிப்பது வரை எல்லாம் அதில் தயாராக இருக்கும். வெளியே வந்ததும் மாறியதை மட்டும் திருத்திக் கையெழுத்திடுவார். அடுத்த தலை காத்திருக்குமல்லவா. பெயிண்டர் விஷயத்தில் திருத்த மறந்தார். கை செய்ததை நாக்கு மனைவியிடம் உண்மையாகச் சொன்னது. கையெழுத்து வேறொன்றைச் சொன்னது.

கேள்வியம்மா அதை அன்றே மோப்பம் பிடித்தாள். தகடும் திருகும் வைத்ததாகக் குறிப்பு சொல்கிறது; ஆனால் பொருட்கிடங்கிலிருந்து தகடும் வரவில்லை, திருகும் வரவில்லை. பின் எதைக்கொண்டு பொருத்தினார்கள்? மருத்துவரிடம் கேட்கவேண்டும் என்று கோப்பை ஒதுக்கி வைத்தாள். அறையின் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். கோப்பைத் தேக்குபவர்களின் பெயரை மேலாளர் அதில் சிவப்பு மையில் எழுதுவார். அவள் பெயர் ஏறியது. இரண்டாம் நாளும் அழியவில்லை. மேலாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "டாக்டர் கையெழுத்து இருக்குல்ல? அது போதும். நாம துப்பறிய வரல," என்றார். அவள் எண்ணை இட்டு அனுப்பினாள். பலகையில் பெயர் அழிந்தது. பெயிண்டரின் தலை தாளில் மூடப்பட்டது.

அந்தப் பழியைச் சுமந்தபடிதான் இப்போது கூடத்தில் அவர் முன்னே நின்றாள்.

"கொஞ்ச நாள் குடுங்க," என்றாள் மனைவியிடம். "இது எங்க தப்பு. நான் சரி பண்றேன்."

"நாளு கிடக்குது. அது வரைக்கும் இவர் தலை கிடக்கணுமே," என்றாள் மனைவி.

கேள்வியம்மா நேராக மருத்துவரிடம் போனாள். அறுவைக் கூடத்துக்கு வெளியே, கை கழுவும் தொட்டியருகில் அவரைப் பிடித்தாள். குறிப்பைக் காட்டினாள்.

"நான் வச்சதா எழுதியிருக்கேனா?" என்றார் அவர். இரண்டு முறை படித்தார். "வைக்கல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மூளை பொங்கி வந்துச்சு."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கு சார். காகிதத்துக்கு இல்ல."

"உள்ள உயிர காப்பாத்திட்டு வந்து வெளிய கட்டுரையும் எழுதணும்னா எப்படிம்மா?"

"கட்டுரை வேண்டாம் சார். கடைசி ரெண்டு வரி. அந்த ரெண்டு வரிக்காகத்தான் அந்த ஆளு ஹெல்மெட் போட்டுக்கிட்டுத் தூங்குறாரு."

மருத்துவர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை எளிதாகியிருக்கும். ஒருவரைத் திட்டிவிட்டு மேடையிறங்கியிருப்பேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே திருத்தக் குறிப்பை எழுதினார்: மூளை வீக்கம் காரணமாக எலும்பு பொருத்தப்படவில்லை, உறைநிலையில் சேமிக்கப்பட்டுள்ளது. தேதியிட்டுக் கையெழுத்திட்டார்.

அதை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். அவர் படித்தார், கதவைச் சாத்தச் சொன்னார்.

"இத அனுப்ப முடியாது."

"ஏன் சார்? டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு."

"அதான் பிரச்சினை. இந்தப் பத்தி இவர் பண்ணின எல்லா கேஸ்லயும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கு. ஒண்ணு தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்டா, மத்ததையெல்லாம் கொண்டாங்கம்பான் இன்சூரன்ஸ்காரன். பழைய பில் பூரா தோண்டுவான். வாங்கினதத் திருப்பிக் குடுன்னு நிப்பான்."

"தப்பா இருந்தா குடுக்க வேண்டியதுதானே சார்."

"உங்க சம்பளமும் அதுலதான் இருக்கு." அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் மனசாட்சி இல்லாதவன் இல்ல. வக்கீல் பார்க்கட்டும். வேற விதமா ஒரு மனு தயார் பண்ணலாம். ஆறு மாசம் ஆகும். எலும்பு நம்ம கிட்டதான இருக்கு, எங்க போயிடப் போகுது?"

பொறுத்திருங்கள் என்று சொல்பவருக்கு எப்போதும் தலை முழுதாகவே இருக்கிறது. அதைக் கவனியுங்கள்.

எலும்பு எங்கே போய்விடும் என்ற அந்தக் கேள்வி அவளை உறுத்தியது. அன்று மதியமே நிலவறைக்கு இறங்கினாள். நீண்ட நடையின் முடிவில் உறைபெட்டிகள் இருக்கும் அறை. அதன் காவலர் ஐம்பதைக் கடந்தவர். கம்பளி மேற்சட்டையும் முரட்டுக் கையுறையுமாக வெயில் காலத்திலும் பனிக்காலத்து மனிதராக இருப்பார். பெயிண்டரின் சேர்க்கை எண்ணைச் சொன்னாள். அவர் ஒரு தட்டை இழுத்துக் காட்டினார். இரட்டைத் துணியில் சுற்றி, உறையிலிட்ட சிறு பொதி. மேலே பனி படிந்த சீட்டில் எண்ணும், இடது பக்கம் என்ற குறிப்பும். ஓர் ஆளின் தலையில் ஒரு பங்கு.

"இது பத்திரமா இருக்கும்ல அண்ணே?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கும்."

"வெள்ளிக்கிழமை என்ன?"

"கழிவு எடுக்க வண்டி வருமில்ல? மூணு மாசம் தாண்டினதையெல்லாம் அதுல ஏத்தணும். மேல இருந்து லிஸ்ட் வரும். திரும்ப வைக்கறதுக்கு யாரு யாருக்கு கிளெய்ம் நடக்குதோ அவங்க நம்பர் அதுல இருக்கும். லிஸ்ட்ல இருந்தா இங்க இருக்கும். இல்லன்னா எரியும்."

"இவர் நம்பர் இல்லையா?"

"எப்படி இருக்கும்? கம்ப்யூட்டர்படி இவர் எலும்பு இவர் தலையில இருக்கு. அப்ப இது என்ன? ஊர் பேர் இல்லாத எலும்பு."

"நீங்க கொஞ்சம் எடுத்து மறைவா வச்சீங்கன்னா…"

"வச்சேன்மா, முன்ன ஒருத்தருக்கு. சோதனைக்கு வந்தவங்க பார்த்துட்டு, பதிவில்லாத உறுப்ப எதுக்கு வச்சிருக்கன்னு கேட்டு, ரெண்டு மாசம் வீட்டுல உட்கார வச்சாங்க. என் பொண்டாட்டி, வீட்ல இருக்கறதுன்னா பாத்திரம் தேய்ன்னு சொல்லிட்டா." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு மனுஷங்க முகம் தெரியாதும்மா. லிஸ்ட் மட்டும்தான் தெரியும். நீ மேல போய் நம்பர ஏத்து. ஏத்தினா நான் காவல் காக்கறேன்."

இப்போது சிக்கல் தெளிவாக இருந்தது. திருத்திய கோரிக்கை அனுப்பப்பட்டால் எண் பட்டியலில் ஏறும், எலும்பு பிழைக்கும். அனுப்பாவிட்டால் வெள்ளிக்கிழமை சாம்பல். வக்கீலின் ஆறு மாதத்தை நெருப்பு அறியாது.

மாடிக்கு வந்தாள். பக்கத்து மேசையில் புல்லட் என்ற பட்டப்பெயருள்ள இளைஞன். கோப்புகளை அந்த வேகத்தில் தள்ளுபவன், வெள்ளைப் பலகையில் ஒருநாளும் பெயர் ஏறாதவன். அவள் திரையில் இருப்பதை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இது மேனேஜர் நிறுத்தி வச்சதாச்சே."

"ஆமா."

"அந்த பட்டன அமுக்கினீங்கன்னா நாளைக்கு உங்க நாற்காலியில என் பை உட்கார்ந்திருக்கும்."

"உட்காரட்டும். அதுக்காவது முதுகு வலிக்காம இருக்கும்."

"விளையாடாதீங்கக்கா. வீட்டுக்காரர் கிட்டயாவது கேட்டீங்களா?"

"அவர் கிட்ட கேட்டா ஊர்த் தலைவலிய எல்லாம் உன் தலையில தூக்கிப் போட்டுக்காதன்னுவாரு. இது தலைவலி இல்லடா. தலை."

அமுக்கினாள். முதல் எண்ணை நீக்கி, சரியான எண்ணை இட்டு, மருத்துவரின் திருத்தக் குறிப்பை இணைத்து அனுப்பினாள். மறுநாள் காலை வந்த பட்டியலில் பெயிண்டரின் எண் இருந்தது. காவலர் தொலைபேசியில் அழைத்து, "உன் ஆளு வந்துட்டாரு," என்று மட்டும் சொன்னார். அவள் பெயிண்டரின் மனைவிக்குச் செய்தி சொன்னாள். அந்த ஒரு நாள் அந்த வீட்டில் சன்னல் திறந்திருந்தது.

அதற்கடுத்த நாள், வியாழக்கிழமை, மேலாளர் கண்டுபிடித்தார். அவளை அழைத்தார். அறையில் மனிதவளப் பிரிவிலிருந்து வந்த ஒருவரும் உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே தட்டச்சு செய்த தாள் மேசைமீது இருந்தது. அனுமதியின்றி கோரிக்கை அனுப்பியதற்காக இடைநீக்கம்.

"என்ன வேணா பண்ணுங்க சார்," என்றாள். "அந்தக் கோரிக்கைய மட்டும் வாபஸ் வாங்காதீங்க."

"அத வாங்கியாச்சு."

"எலும்பு போயிடும் சார். லிஸ்ட்ல இருந்து நம்பர் இறங்கிடும். நாளைக்கு வண்டி."

"என்ன லிஸ்ட்? என்ன வண்டி? நீங்க ரொம்பப் பதற்றமா இருக்கீங்க. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

அவர் நடிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது. மேல்மாடியில் விரலசைப்பவனுக்குக் கீழே என்ன எரிகிறது என்று தெரியாதபடி, தெரிந்துகொள்ளத் தேவையே இல்லாதபடி, அந்த மாளிகை எழுப்பப்பட்டிருந்தது. மருத்துவர் காகிதத்தை அறியார். எண் இடுபவள் நோயாளியை அறியாள். காவலர் முகத்தை அறியார். ஒவ்வொருவரும் தம் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். எல்லா ஒழுங்கும் சேர்ந்து ஒரு கொடுமையைச் செய்தது. இதைவிட நேர்த்தியாக ஒரு பகைவன் திட்டமிட்டிருக்க முடியாது.

அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அட்டையில்லாமல் நிலவறைக் கதவு திறக்காது. மருத்துவரை அழைத்தாள், அறுவைக்குள் இருந்தார். புல்லட்டை அழைத்தாள்.

"காவலர் அண்ணன் கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுடா."

"சொன்னேன்கா. உண்மையா சொன்னேன். நாளைக்குக் காலையில லிஸ்ட் என்ன சொல்லுதோ அதுதாங்கறாரு. அவரையும் குறை சொல்ல முடியல." குரல் தாழ்ந்தது. "அக்கா, உங்க நாற்காலியில என் பைய வைக்கல. யாரு வச்சாலும் எடுத்துடறேன்."

வெள்ளிக்கிழமை காலை பின்வாசலில் மூவர் நின்றார்கள்: கேள்வியம்மா, பெயிண்டர், அவர் மனைவி. அந்த வாசல் வழியாகத்தான் கழிவு வண்டி வந்து போகும். வண்டி எப்போது வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. அது அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து போயிருந்தது என்பதும் தெரியாது. காவலர் வெற்றுத் தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். பெயிண்டரின் தொப்பியைப் பார்த்தார். அவர் முகமறியாத மனிதர் என்று சொன்னேன். இந்த முகத்தை அவர் அறிந்துகொண்டார்.

"நீங்கதானா," என்றார்.

"எங்க வீட்டுக்காரரோடது," என்றாள் மனைவி. "கையெழுத்து எங்க போடணும்னு சொல்லுங்க, போடறேன். நாங்களே எடுத்துட்டுப் போயிடறோம்."

காவலர் கையுறைகளைக் கழற்றினார். அவற்றைத் தள்ளுவண்டியில் வைத்தார்.

"காலையில நம்பர் இல்லம்மா," என்றார். "மூணு தடவ பார்த்தேன்."

மனைவிக்கு அப்போதும் புரியவில்லை. அல்லது புரிந்துகொள்ள மறுத்தாள். "இல்ல, இருக்கும். புதன்கிழமை இருந்துச்சுன்னு இவங்க சொன்னாங்களே," என்று மீண்டும் மீண்டும் சொன்னாள். பெயிண்டர்தான் அவள் தோளைப் பற்றி ஓரமாக உட்கார வைத்தார். ஒரு சவ ஊர்வலமும் இல்லாமல், ஒரு மரணச் சான்றும் இல்லாமல், உயிரோடு இருக்கும் ஒருவரின் உடலில் ஒரு பங்கு எரிக்கப்பட்டிருந்தது. அதற்கு எவர் எங்கே போய் அழுவது?

இனிதான் கொடுமையின் உச்சம். இரண்டு வாரம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து மறு கடிதம் வந்தது. மருத்துவமனை கோரிக்கையைத் திரும்பப் பெறுமுன்பே, அங்கிருந்த ஒரு பரிசீலனை மருத்துவர் திருத்தக் குறிப்பைப் படித்திருக்கிறார். அதில் உண்மை இருப்பதையும் கண்டிருக்கிறார். கடிதத்தில் இப்படி இருந்தது: முதல் பதிவு பிழை என்று ஏற்கிறோம். சேமிப்பில் உள்ள நோயாளியின் சொந்த எலும்பைத் திரும்பப் பொருத்தும் அறுவைக்கு அனுமதி வழங்கப்படுகிறது.

அனுமதி வந்தது. பொருத்துவதற்கு எலும்பு இல்லை.

பெயிண்டர் அந்தக் கடிதத்தை மேசைமீது நீட்டி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்திருந்த கேள்வியம்மாவைக் கேட்டார்: "இப்ப எத வைப்பாங்க மேடம்?"

"செயற்கைத் தகடு செஞ்சு வைக்கலாம். உங்க தலை அளவுக்கே செய்வாங்க. நல்லாத்தான் இருக்கும்."

"அதுக்கு இந்தக் கடிதம் போதுமா?"

"போதாதுங்க. அது வேற நம்பர். சொந்த எலும்பு இருக்கும்போது தகடு எதுக்குன்னு கேட்பாங்க."

"எலும்புதான் இல்லையே."

"இல்லன்னு ஆஸ்பத்திரி எழுதித் தரணும். எழுதித் தந்தா எப்படி இல்லாம போச்சுன்னு கேள்வி வரும். அதனால எழுத மாட்டேங்கறாங்க."

பெயிண்டர் கடிதத்தை மடித்து வைத்தார். அவருக்கு எப்போதும் வாயில் நிற்கும் கிண்டல் அன்று வரவில்லை. மகள் அறையின் மறுமுனையிலிருந்து, அவரை இடிக்காத தூரத்தைத் தானே அளந்துகொண்டு, பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கிட்டே வரச் சொல்லி, தன் மடியில் அல்ல, பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"வழக்கு போடலாம் மேடம்," என்றார் பிறகு. "நான் இதுவரைக்கும் ஒரு இடத்துலயும் குரல் உசத்தினதில்ல. எங்க போய் உசத்தணும்னு சொல்லுங்க."

காப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் மேல்முறையீட்டுக் குழுவில் மனு கொடுத்திருக்கிறார்கள். வருகிற புதன்கிழமை காலை விசாரணை. கேள்வியம்மா சாட்சி சொல்லப் போகிறாள். அந்த ஒரு சொல்லுக்காக இனி எந்த மருத்துவமனையும் அவளை வேலைக்கு எடுக்காமல் போகலாம் என்பதை அறிந்தே போகிறாள். காவலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவர், பார்க்கலாம் என்றிருக்கிறார். அவர் உயிர் காத்த தலை அது, வந்து நின்று அதைத் தம் செயல் என்று சொல்வாரா என்பதை அன்றுதான் அறிவோம். மருத்துவமனையின் பக்கத்தில் வக்கீல்கள் இருப்பார்கள். பெயிண்டரின் பக்கத்தில் இரண்டு நாற்காலிகளும், பின்னால் பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய வரிசைகளும் இருக்கும். அந்த வரிசைகள் வழக்கமாகக் காலியாகவே கிடக்கும். காலி இருக்கைகளின் முன்னால் அநீதி உரக்கப் பேசும். நிறைந்த இருக்கைகளின் முன்னால் அதற்கு நா உலரும். மேடைகளில் நின்று நான் கற்றது இது.

இதுவரை கேட்டுவிட்டு ஐயோ பாவம் என்று சொல்லிக் கலைந்து போவீர்களானால், உங்களை நிறுத்தியதே என் பிழை. அந்த மனிதருக்கு உங்கள் இரக்கத்தை எங்கே பொருத்துவது? இரண்டு காரியம் கேட்கிறேன். இரண்டும் உங்களால் முடிந்தவை. புதன்கிழமை காலை அந்த விசாரணைக் கூடத்துக்கு வந்து உட்காருங்கள். தீர்ப்பு வரும்வரை எழுந்திருக்காதீர்கள். அதற்கு முன்னால், உங்கள் வீட்டில் கத்தி பட்ட எவராக இருந்தாலும், அவருடைய அறுவைக் குறிப்பை மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள்; எதை எடுத்தீர்கள், எங்கே வைத்தீர்கள், என்னவென்று எழுதினீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டு, வரிவரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நாளை வா என்பார்கள். போகாதீர்கள். தாள் உங்கள் கைக்கு வரும்வரை அந்தக் கண்ணாடித் தடுப்பின் முன்னாலிருந்து ஓர் அடியும் நகராதீர்கள்.